உலர்புல் மட்டும் தின்னும் குதிரைக்குக் கனியுப்பு தனியாகக் கொடுக்க வேண்டுமா?

கேள்வியை வாசித்ததும் கையிலிருந்த வேலையை வைத்துவிட்டு எழுத உட்கார்ந்தேன். உங்கள் குதிரை கொழுத்துவிட்டது, பிடரி மேடு தடித்துக் கல் போல இருக்கிறது, குளம்பில் சூடு வந்து போகிறது, தானியத்தை நிறுத்தி உலர்புல்லோடு மட்டும் விடும்படி வைத்தியர் சொல்லியிருக்கிறார், இனிக் கனியுப்புக் கலவை, அதாவது கல்சியம், செப்பு, நாகம் (துத்தநாகம்) போன்ற தாதுச் சத்துகளின் கலவை வேண்டுமா என்று கேட்கிறீர்கள். ஊரைச் சொல்லவில்லை. நெல் விளையும், வெயில் காயும் ஊர் என்று எடுத்துக்கொள்கிறேன். "பாவம், ஒரு பிடி தவிடாவது வை" என்று சொல்ல வீட்டில் ஒரு பெரியவர் இருப்பார் என்றும் எடுத்துக்கொள்கிறேன்.

கனியுப்பு வேண்டும். ஆனால் புல்லில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று தெரியாமல் கடையில் வாங்கிய எதையும் கொட்டாதீர்கள். தவிடு கொடுக்கிறீர்கள் என்றால் இன்றைக்கே நிறுத்துங்கள். அவசரத்தில் இருப்பவர்களுக்கு இது போதும். மற்றவர்களுக்கு என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

நான் மிருக வைத்தியர் அல்லன். ஏழு வருடம் வளைகுடா நாடொன்றில் குதிரை லாயத்தில் வேலை செய்துவிட்டு, இலங்கையின் வன்னியிலுள்ள பரந்தனுக்குத் திரும்பியவன். அங்கே தீனியைக் கணக்குப் பார்த்தவர்கள் வேறு ஆட்கள். நான் அளந்து வைத்ததை வாளியில் போட்டவன். அதனால் எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டு ஊருக்கு வந்தேன். என் தவறு அங்கேதான் தொடங்கியது.

2017ஆம் ஆண்டு, நுவரெலியாவில் ஏப்ரல் பந்தயங்கள் முடிந்த கையோடு, கனடாவிலிருந்து வந்திருந்த மாமா ஓய்வு கொடுக்கப்பட்ட ஒரு பெண் குதிரையை வாங்கி எங்கள் காணியில் கட்டிவிட்டுப் போய்விட்டார். செந்நிறம் என்பதால் ஐயா அதற்குச் சிவப்பி என்று பெயர் வைத்தார். அது மாட்டுக்கு வைக்கிற பெயர். எங்கள் பட்டியில் அந்தப் பெயரில் ஒரு பசு இருந்தது. 2009க்குப் பிறகு அந்தப் பட்டியில் ஒன்றும் மிஞ்சவில்லை. மீள்குடியேறி ஏழு வருடம் வெறுமையாகக் கிடந்த கொட்டிலில் வந்து நின்ற முதலாவது பெரிய உயிர் இந்தக் குதிரை. ஐயா விடியற்காலை நான்கு மணிக்கே எழுந்து போய் அதன் அருகில் நிற்பார்.

குதிரை என்றால் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் காட்டுக் குதிரைகள் திரியும் நெடுந்தீவுதான் நினைவுக்கு வரும். அந்தக் குதிரைகள் யாருடைய வாளியையும் நம்பாமல் நாள் முழுவதும் நடந்து காய்ந்த புல்லை மேய்பவை. எங்கள் சிவப்பி நடக்கவில்லை. நின்ற இடத்தில் தின்றது. பந்தயக் குதிரைக்குரிய தானியம் வேலை செய்யாத உடம்புக்குள் போனது. ஒரு வருடத்தில் பிடரி தடித்தது, வாலின் அடியில் கொழுப்பு மேடு கட்டியது. பிறகு ஒருநாள் முன்னங்கால்களை நீட்டி வைத்து, பின்னால் சாய்ந்தபடி நின்றது. கணுவின் பின்புறம் விரல் வைத்தால் நாடி சுத்தியல் போல அடித்தது. லாயத்தில் பார்த்திருந்ததால் குளம்பு அழற்சி என்று உடனே தெரிந்தது. இன்சுலின் ஒழுங்கு கெட்ட குதிரைக்குச் சர்க்கரையும் மாப்பொருளும் செய்கிற வேலை அது.

தானியத்தை நிறுத்தினேன். அதுவரை சரி. வயிறு காயக்கூடாதே என்று வைக்கோல் ஆறு கிலோவும், ஆலையிலிருந்து அரிசித் தவிடு மூன்று கிலோவும் கொடுத்தோம். தவிடு இலேசானது என்று நினைத்தோம். பசு கன்று போட்டால் தவிடுதான் மருந்து என்று வளர்ந்தவர் ஐயா. அவர் ஊறவைத்துக் கையால் பிசைந்து ஊட்டினார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எட்டு மாதத்தில் முகம் மாறியது. கண்ணுக்குக் கீழே எலும்பு இரு பக்கமும் புடைத்தது. ஒருநாள் வலது காலை நொண்டும், மறுநாள் இடது காலை நொண்டும். மெல்லும்போது புல்லுருண்டையைத் துப்பியது. இரத்தம் எடுத்துப் பார்த்த வைத்தியர் ஒருவர் கல்சியம் சரியாக இருக்கிறது, முகத்தில் அடிபட்டிருக்கலாம் என்றார். நான் படத்தை எடுத்து, லாயத்தில் எனக்கு மேலாளாக இருந்த பாகிஸ்தான்காரருக்கு அனுப்பினேன். அவர் நோயின் பெயரைச் சொல்லவில்லை. "வாளியில் என்ன போடுகிறாய்?" என்று மட்டும் கேட்டார். தவிடு என்றதும் சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

ஆங்கிலேயர் இதைத் தவிட்டு நோய் என்றும், பெருந்தலை நோய் என்றும், மாவாலைக்காரர் குதிரைகளுக்கு வருவதால் ஆலைக்காரர் நோய் என்றும் சொல்வார்கள். கணக்கைப் பாருங்கள். 450 கிலோ எடையுள்ள, வேலை செய்யாத குதிரைக்கு நாளொன்றுக்குச் சுமார் 18 கிராம் கல்சியமும் 12 அல்லது 13 கிராம் பொஸ்பரஸும் தேவை. அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சி மன்றம் 2007இல் வெளியிட்ட அளவுகளிலிருந்து வரும் கணக்கு இது. அரிசித் தவிட்டில் பொஸ்பரஸ் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்றரைக்கு மேல். கல்சியம் அதில் பத்தில் ஒரு பங்கும் இல்லை. மூன்று கிலோ தவிடும் ஆறு கிலோ வைக்கோலும் சேர்ந்தால் கல்சியம் 20 கிராம், பொஸ்பரஸ் 50 கிராமுக்கு மேல். கல்சியத்தை மட்டும் பார்த்தால் போதும் போலத் தெரியும். ஆனால் கல்சியம் பொஸ்பரஸுக்குச் சமமாகவாவது, முடிந்தால் அதைப்போல ஒன்றரை, இரண்டு மடங்காவது இருக்க வேண்டிய இடத்தில் பொஸ்பரஸ் இரண்டரை மடங்கு ஏறி நின்றது. மிகுந்த பொஸ்பரஸ் குடலில் கல்சியத்தை உறிஞ்ச விடாது. போதாததற்கு வைக்கோலிலும், நாம் வெட்டும் கினிப் புல், நேப்பியர் புல் போன்றவற்றிலும் ஒட்சலேற்று (oxalate) என்ற பொருள் இருக்கிறது. அதுவும் கல்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உடம்பு இரத்தத்தின் கல்சிய மட்டத்தை விட்டுக்கொடுக்காது. எலும்பைக் கரைத்தாவது நிரப்பும். அதனால்தான் இரத்தப் பரிசோதனை சரியாக வந்தது. முக எலும்பு கரைந்த இடத்தில் நார் வளர்ந்து வீங்கியது. தவிடு இலேசானதும் அல்ல. கொழுப்பும் மாப்பொருளும் அதில் நிறைய உண்டு. கொழுத்த குதிரைக்கு அது இரட்டைக் கேடு.

ஐயாவிடம் இதைச் சொல்ல எனக்கு இரண்டு நாள் எடுத்தது. சொன்னபோது அவர் தவிட்டு மூட்டையைத் தானே தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டு மாட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு வந்தார். ஒன்றும் பேசவில்லை.

இங்கே ஒருவர் வந்து, மனிதருக்கே ஒழுங்கான ஆஸ்பத்திரி இல்லாத வன்னியில் குதிரைக்குச் செப்பும் நாகமும் நிறுத்துக் கொடுக்கிறாயா என்று கேட்பார். கேட்டிருக்கிறார்கள். கட்டி வைத்த உயிர் தன் தீனியைத் தானே தேடிப் போக முடியாது. கட்டியவன் கணக்குப் பார்க்கத்தான் வேண்டும். இதில் எனக்கு வெட்கமில்லை.

தவிட்டை நிறுத்திய பிறகு, தீனிக்கென்று விற்கும் சுண்ணக்கல் தூள் நாளுக்கு 60 கிராம் கொடுத்தோம். அதில் ஏறத்தாழ 23 கிராம் கல்சியம் இருக்கும். வெற்றிலைச் சுண்ணாம்பைப் போடலாமே என்று அயலவர் ஒருவர் சொன்னார். போடாதீர்கள். அது நீற்றிய சுண்ணாம்பு, வாயையும் குடலையும் அரிக்கும். தூளை ஒட்டவைக்க ஒரு கைப்பிடி தேங்காய்ப் பிண்ணாக்கை நனைத்துப் பிசைந்தேன். அதில் சர்க்கரை குறைவு. ஆறு வாரத்தில் நொண்டல் குறைந்தது. முகத்தின் புடைப்பு முழுதாகப் போகவில்லை, போகாது என்றும் சொல்லியிருந்தார்கள்.

வைக்கோலைக் குறைத்து, வாய்க்கால் கரையில் கினிப் புல்லை வெட்டி உலர்த்தினேன். அதில் ஒட்சலேற்று இருப்பதால் சுண்ணக்கல் தூளை நிறுத்தவில்லை. பேராதனையில் படித்துக்கொண்டிருந்த மருமகன் மூலம் கொஞ்சம் புல்லைப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். ஒரே கட்டிலிருந்து எடுக்காமல், பத்துப் பன்னிரண்டு கட்டுகளின் நடுவிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கலந்து அனுப்ப வேண்டும். இரும்பு கிலோவுக்கு 400 மில்லிகிராமுக்கு மேல், செப்பு 5, நாகம் 20 என்று வந்தது. எங்கள் செம்மண் புழுதி புல்லில் ஒட்டியிருந்ததும் அந்த இரும்புக்குக் காரணமாக இருக்கும். எட்டுக் கிலோ புல்லில் இரும்பு 3200 மில்லிகிராம், தேவை 360. செப்பு 40, தேவை 90. நாகம் 160, தேவை 360. மிகுந்த இரும்பு செப்பையும் நாகத்தையும் உறிஞ்ச விடாமல் போட்டி போடும். சிவப்பியின் நிறம் வெளிறி, மயிர் நுனி சுருண்டு, குளம்பு உதிர்ந்துகொண்டிருந்ததற்கு அன்றுதான் விடை கிடைத்தது. இரும்பு இன்சுலினைக் கெடுக்கிறதா என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போகவில்லை. ஆனால் இப்படிப்பட்ட புல்லுக்கு மேல் இரும்பு கலந்த சத்து மருந்தை ஊற்றுவது வீண் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

ஆகவே இரும்பு இல்லாத, செப்பும் நாகமும் உள்ள கலவை தேவை. எனக்கு அது கிடைக்க மூன்று மாதம் ஆனது. அதற்கிடையில் ஒரு கடையில் மாட்டுக் கனியுப்பு என்று ஒரு பையைத் தந்தார்கள். உள்ளே என்ன, எவ்வளவு என்று ஓரெழுத்துக்கூட இல்லை. கோழித் தீனி, மாட்டுத் தீனி சிலவற்றில் மொனென்சின் என்ற மருந்து கலந்திருக்கும். கோழிக்கு அது காப்பு. குதிரைக்கு உடல் எடையில் கிலோவுக்கு இரண்டு மூன்று மில்லிகிராமே இதயத்தை நிறுத்திவிடும். விபரம் எழுதாத பையைக் குதிரையின் அருகிலேயே கொண்டுபோகாதீர்கள். செலேனியமும் அப்படித்தான். நாளுக்கு ஒரு மில்லிகிராம் அளவு தேவை; இரண்டு மூன்று கலவைகளில் சேர்ந்து மிகுந்தால் பிடரி மயிர் உதிர்ந்து குளம்பு வெடிக்கும். மக்னீசியம் கொடுத்தால் இன்சுலின் சீராகும் என்று விற்கிறார்கள். குறை இருந்தால் நிரப்புங்கள், மருந்தென்று நம்பாதீர்கள். ஆடுமாட்டுக்கு ஒடித்துப் போடும் இப்பில் இப்பில் மரத்தின் குழையும் வேண்டாம். குதிரையின் பிடரி மயிரையும் வால் மயிரையும் அது கொட்ட வைக்கும்.

உப்பை மறக்காதீர்கள். 25, 30 கிராம் சாதாரண உப்பு, வியர்க்கும் நாளில் இன்னும் கூட. எங்களுக்கு ஆனையிறவு உப்பு பக்கத்திலேயே இருந்தது.

சர்க்கரையைக் குறைக்கப் புல்லை 30 முதல் 60 நிமிடம் தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். எங்கள் வெயிலில் ஊறிய புல் சீக்கிரம் புளித்துவிடும். ஒரு வேளைக்குரியதை மட்டும் ஊறவையுங்கள். ஊறும்போது சர்க்கரையோடு பொட்டாசியம் போன்ற உப்புகளும் கரைந்து போகும். புல் மட்டும் தின்னும் குதிரைக்குக் கலவை வேண்டும் என்று நான் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனம் ஆறவில்லை. முன்பு சூடடித்து முடிந்தால் வீட்டுக்கு வீடு வைக்கோல் பட்டடை எழும். இப்போது அறுவடை இயந்திரம் வைக்கோலை வயல் முழுக்கச் சிதறிவிட்டுப் போகிறது. கட்டிச் சேர்க்க ஆளில்லை என்று தீ வைக்கிறார்கள். காலபோக அறுவடை முடிந்ததும் மாலையில் வானம் புகையால் மூடியிருக்கும். நான்கு மாதம் கழித்து, அதே ஊரில் மாடுகள் எலும்பும் தோலுமாகக் குளக்கட்டில் நிற்கும். மேய்ச்சல் தரை கேட்டு எத்தனை மனுக் கொடுத்தாயிற்று. ஐயா கடைசி வரை அந்தப் புகையைப் பார்த்தால் எழுந்து உள்ளே போய்விடுவார்.

சிவப்பி இன்னும் இருக்கிறது. அந்த முகப் புடைப்போடுதான் இருக்கிறது, ஆனால் ஓடுகிறது.

உங்கள் குதிரைக்கு எடை தெரியாது என்றால் தராசு தேவையில்லை. தையல் நாடாவால் முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவைச் சென்ரிமீற்றரில் அளந்து, அதை அதாலேயே பெருக்கி, தோள் முனையிலிருந்து பிட்ட எலும்பு வரையுள்ள நீளத்தால் பெருக்கி, 11,900ஆல் வகுத்தால் கிட்டத்தட்டக் கிலோ வரும். மெலிய வேண்டிய குதிரைக்கு அதில் நூற்றுக்கு ஒன்றரை அளவு உலர்புல் நாளொன்றுக்கு. அதற்குக் கீழே வைத்தியர் சொல்லாமல் இறக்காதீர்கள். அளவும், நீங்கள் எந்தப் புல்லை உலர்த்துகிறீர்கள் என்பதும் எழுதினால், மற்றக் கணக்கை நான் போட்டுத் தருகிறேன்.