லீவை மட்டும் தள்ளிப் போடாதே

கேள்வி: அக்கா, எனக்குச் சொந்த ஊர் புளியரை. மூன்று வருடமாகப் புனலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். உங்களை மாதிரி ஆப்பிரிக்க முகாம்களுக்குப் போய் வேலை பார்க்க ஆசை. ஆனால் அப்படிப் போன சீனியர் ஒருத்தர், ஒரே வருடத்தில் நர்ஸிங்கே வேண்டாம் என்று வந்துவிட்டார். இதில் நீடித்து நிற்க வழி உண்டா?

பதில்: உண்டு, தங்கச்சி. நானே ஒரு தடவை பெட்டி கட்டியவள்தான், அதனால் சொல்கிறேன்.

தெற்கு சூடானில் சத்துக்குறைவான குழந்தைகள் வார்டில் இருந்தேன். குழந்தையின் மேல்கையில் நாடா சுற்றிப் பார்ப்போம். 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் சிவப்பு, அதாவது உயிருக்கே ஆபத்தான சத்துக்குறைவு. நம் வீட்டு டார்ச் லைட் பிடி கனம்தான் இருக்கும் அந்தக் கை. ஒரு நாளைக்கு நாற்பது கை பார்த்துவிட்டு அறைக்கு வந்தால் சோறு இறங்காது. ஆனால் என்னைக் கவிழ்த்தது அது இல்லை. ஒப்பந்தத்தில் இருந்த ஓய்வு லீவை, ‘ஆள் இல்லையே’ என்று இரண்டு தடவை தள்ளிப் போட்டேன். பெருமையாகக்கூட இருந்தது.

அப்புறம் ஒரு ராத்திரி, புதிதாக வந்த குழந்தைக்கு எஃப்-75 என்கிற ஆரம்பப் பாலுக்குப் பதில் எஃப்-100 கலந்துவிட்டேன். உடம்பு தேறின பிறகு கொடுக்க வேண்டிய பால் அது. முதல் நாளிலேயே கொடுத்தால் இதயம் தாங்காமல் போகலாம். கப்பை வாய்கிட்டே கொண்டுபோகும்போது என் கையைப் பிடித்தவர் அந்த ஊர் நர்ஸ். ஏழு வருடமாக அதே வார்டு. என் சம்பளத்தில் பாதிகூட அவருக்குக் கிடையாது. (எனக்கு இன்றைக்கும் உறுத்துகிற விஷயம் இது.)

உலக சுகாதார நிறுவனத்தின் 2025 அறிக்கைப்படி, 2023-இல் உலகம் முழுக்க நர்ஸுகள் 2 கோடியே 98 லட்சம் பேர். இன்னும் 58 லட்சம் பேர் குறைவு. நீ லீவு எடுக்காமல் நின்றா அந்தக் குழியை மூடப்போகிறாய்?

அதனால் இன்டர்வியூவில் கூச்சப்படாமல் கேள். எத்தனை வாரத்துக்கு ஒரு முறை ஓய்வு? நான் போகும்போது யாருக்கு டூட்டி ஓவர் கொடுக்க (வேலையை ஒப்படைக்க) வேண்டும்? அந்த ஊர் நர்ஸுகளுக்குப் பயிற்சி உண்டா, சம்பளம் நேரத்துக்கு வருகிறதா? இதற்கெல்லாம் மழுப்பினால் வேண்டாம். சேர்ந்த முதல் வாரத்திலிருந்தே உன் வேலையை ஒருத்தருக்குச் சொல்லிக் கொடு. புனலூரில் மலையாளத்தில் ஓவர் கொடுத்துப் பழகியவளுக்கு இன்னொரு பாஷையில் சொல்வது பெரிய கஷ்டமில்லை.

நான் மூன்றாவது லீவை விடவில்லை. செங்கோட்டைக்கு வந்து பத்து நாள் அம்மா கையால் சாப்பிட்டுத் தூங்கினேன். அப்புறம் திரும்பிப் போய் இன்னும் நான்கு வருடம் பார்த்தேன்.

கேள்வி: குவைத்தில் நர்ஸ் வேலைக்கு ஏஜெண்ட் மூன்று லட்சம் கேட்கிறார். கொடுக்கலாமா? (வாசகர், தென்காசி)

பதில்: கூடாது. ஏஜெண்ட் வாங்கலாம் என்று சட்டம் சொல்வது அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் முதலில் விசாரியுங்கள். கேரளத்தில் நர்ஸாகப் பதிவு செய்தவர் என்றால் கேரள அரசின் நோர்க்கா அமைப்பு இருக்கிறது. ரசீது தர யோசிக்கிற ஏஜெண்டிடம் பாஸ்போர்ட்டைக் கண்ணில்கூடக் காட்டாதீர்கள்.