குழந்தைக்கு மாடலிங் ஏஜென்சி: பணம் கட்டலாமா, கையெழுத்துப் போடலாமா?

“உங்கள் குழந்தையைத் தேர்வு செய்துவிட்டோம், போர்ட்ஃபோலியோவுக்கு, அதாவது புகைப்பட ஆல்பத்துக்கு, முன்பணம் கட்டுங்கள்” என்று ஏஜென்சி சொன்னால் கட்டலாமா என்பது கேள்வி. கட்டாதீர்கள்.

ஒழுங்கான ஏஜென்சிக்கு வருமானம் கமிஷன்தான். வேலை வாங்கிக் கொடுத்து, அந்தச் சம்பளத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். பதிவுக் கட்டணம், பயிற்சி வகுப்பு, ‘எங்கள் போட்டோகிராபரிடம்தான் எடுக்க வேண்டும்’ என்றெல்லாம் வந்தால், அவர்களுடைய வாடிக்கையாளர் விளம்பர நிறுவனம் இல்லை, நீங்கள்தான். அதுவும் சின்னக் குழந்தையின் முகம் சில மாதங்களிலேயே மாறிவிடும்; ஆயிரக்கணக்கில் செலவழித்த ஆல்பம் அதற்குள் பழசாகிவிடும். ஜன்னல் வெளிச்சத்தில் செல்போனில் எடுத்த தெளிவான படங்களே ஆரம்பத்துக்குப் போதும்.

ஒப்பந்தத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து படியுங்கள். ‘இன்றே கையெழுத்து’ என்று அவசரப்படுத்தினால் எழுந்து வந்துவிடுங்கள். நான் முதலில் பார்ப்பது படங்களின் பயன்பாட்டு உரிமையைத்தான். எந்த ஊடகத்தில், எந்த நாடுகளில், எத்தனை காலம் என்று எழுதியிருக்க வேண்டும். ‘எல்லா ஊடகங்களிலும் நிரந்தரமாக’ என்றிருந்தால், மூன்று வயதில் எடுத்த படம் முப்பது வயதிலும் விளம்பரத்தில் வரலாம், கூடுதலாக ஒரு பைசா கிடைக்காது.

அடுத்தது விலகும் வழி. ஒப்பந்தம் தானாகப் புதுப்பிக்கப்படுமா, எத்தனை நாள் முன்னறிவிப்பு, வேறு ஏஜென்சியில் சேரத் தடை உண்டா என்று பாருங்கள். சம்பளம் எத்தனை நாளில் கைக்கு வரும் என்பதும் எழுத்தில் வேண்டும்.

படப்பிடிப்பில் பெற்றோர் உடனிருக்கக் கூடாது என்றால் பேச்சே வேண்டாம்.