இடுக்கியும் தட்டும் – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

சிகாகோவின் பில்சன் பகுதிக்குக் குடிவந்து ஐந்து மாதங்கள் ஆகின்றன. எங்கள் தெருமுனையில் ஒரு மெக்சிக்க பேக்கரி இருக்கிறது. முதல் நாள் போனபோது கல்லாவில் இருந்த பெண் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ரொட்டிப் பெட்டிகளில் பெயரும் இல்லை, விலையும் இல்லை. யாராவது வந்து என்ன வேண்டும் என்று கேட்பார்கள் எனப் பத்து நிமிடம் நின்றேன். வாங்கி வந்த ரொட்டியோ மேலே இனிப்பு, உள்ளே வறட்சி. மீண்டும் ஜனவரி 5 மாலை போனால் வாசல் வரை வரிசை, நான் கேட்டது எதுவும் இல்லை. அக்கம்பக்கத்தார் மட்டும் அந்தக் கடையை அப்படிப் புகழ்கிறார்கள். வாடிக்கையாளரை மதிக்காத கடைக்கு எதற்கு இத்தனை பெயர்? நீங்கள் அந்தப் பகுதியில் சில மாதங்கள் தங்கியிருந்ததாக எழுதியிருந்ததால் கேட்கிறேன்.

கே., சிகாகோ

அன்புள்ள கே.,

பெயர்ச்சீட்டு இல்லை என்ற உங்கள் புகார் நியாயமானது, அதற்குக் கடைசியில் வருகிறேன். மற்றவை அந்தக் கடையின் முறை தெரியாததால் வந்தவை. அதே தெருக்களில் நானும் அவற்றையெல்லாம் அனுபவித்துவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன்.

மெக்சிக்கர் வழக்கத்தில் கடைக்குள் நுழைகிறவர்தான் முதலில் வணக்கம் சொல்வார். மாலையானால் ‘புவேனாஸ் தார்தெஸ்’ என்பார், குறிப்பாக யாரையும் பார்த்து அல்ல, கடையில் இருக்கும் எல்லோருக்கும் பொதுவாக. அமெரிக்கப் பெருங்கடைகளில் ஊழியர்கள் எதிர்கொண்டு வந்து நலம் விசாரித்துப் பழகிவிட்ட உங்களுக்கு அந்தப் பெண்ணின் மௌனம் அலட்சியமாகப் பட்டிருக்கிறது. ஒரு வார்த்தையும் பேசாமல் உள்ளே வந்து பத்து நிமிடம் நின்ற உங்களைப் பற்றி அவர் என்ன நினைத்திருப்பார் என்றும் யோசித்துப் பாருங்கள். எனக்கு முன்னால் நுழைந்த ஒரு முதியவரைப் பார்த்துத்தான் நான் இதைக் கற்றேன். அன்று முணுமுணுப்பாக நான் சொன்ன வணக்கத்துக்குக் கல்லாவிலிருந்தும், ரொட்டி எடுத்துக்கொண்டிருந்த இரண்டு பெண்களிடமிருந்தும், உள்ளே மாவு பிசைந்துகொண்டிருந்த கண்ணுக்குத் தெரியாத ஒருவரிடமிருந்தும் பதில் வந்தது.

அடுத்து, யாரும் வந்து கேட்காதது. வாசலுக்கு அருகே வட்டத் தட்டுகளும் இடுக்கிகளும் அடுக்கியிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். பார்ப்பதற்கு நம் வீட்டு எவர்சில்வர் தாம்பாளம்போல இருக்கும் அந்தத் தட்டை ஒரு கையிலும் இடுக்கியை மறு கையிலும் எடுத்துக்கொண்டு, பெட்டிகளின் கதவுகளை நீங்களே திறந்து, வேண்டியதை வேண்டிய அளவு அடுக்கிக்கொண்டு கல்லாவுக்குப் போக வேண்டும். அங்கே அந்தப் பெண் உங்களுடைய ரொட்டிகளை ஒரே பார்வையில் எண்ணிக் காகிதப் பையில் போட்டுத் தொகையைச் சொல்லிவிடுவார். ஒன்றே ஒன்று: எடுத்ததைத் திரும்ப வைக்கக் கூடாது. நான் வைத்தேன். பக்கத்தில் நின்றிருந்த பாட்டி ஒன்றும் பேசாமல், தன் இடுக்கியால் அதே ரொட்டியை எடுத்து என் தட்டிலேயே மறுபடி வைத்துவிட்டு நகர்ந்தார்.

பெயரும் அங்கே வளர்ந்தவர்களுக்குத் தேவைப்படுவதில்லை, ஏனென்றால் உருவமே பெயர். ஒரேஹா என்றால் காது, குவெர்னோ என்றால் கொம்பு, கோன்ச்சா என்றால் சிப்பி. நடுவே பழப்பாகு தடவி ஒட்டிய இரண்டு அரை உருண்டைகளுக்குப் பேசோ, அதாவது முத்தம் என்று பெயர். (காதும் கொம்பும் பிரெஞ்சுக்காரர்களின் பால்மியேவும் குரோசானும்தான். கோதுமை 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியரோடு வந்தது, பிரெஞ்சு அடுமனைப் பழக்கம் 19ஆம் நூற்றாண்டில் பரவியது.)

நீங்கள் வாங்கியது கோன்ச்சாவாகத்தான் இருக்க வேண்டும். அடியில் இருப்பது அதிகம் இனிக்காத மெத்தென்ற பன்; அதன்மேல் சர்க்கரை, மாவு, கொழுப்பு மூன்றையும் பிசைந்து தட்டிய அடையை வைத்து, சிப்பியின் வரிகளைப்போலக் கீறிச் சுடுகிறார்கள். பன் உப்ப உப்ப அந்த வரிகள் பிளந்து விரியும். கடித்தால் மேலோடு நொறுங்கிச் சட்டையெல்லாம் கொட்டும். அதைக் காபியிலோ சூடான சாக்லேட்டிலோ முக்கித் தின்ன வேண்டும். டீக்கடையில் பொறையை வாங்கி, டீ இல்லாமல் தின்றுவிட்டு வறண்டிருக்கிறது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனால் அவர் நம்மை எப்படிப் பார்ப்பார்? அதோடு நேரமும் முக்கியம். காலையில் ஒரு ஈடு, பிற்பகலில் மாலைச் சிற்றுண்டிக்காக ஒரு ஈடு என்று எடுக்கும் கடைகளில் அந்த இரண்டு வேளைகளில்தான் போக வேண்டும். முந்தின நாள் கோன்ச்சாவை எந்தக் காபியாலும் முழுக்கக் காப்பாற்ற முடியாது.

ஜனவரி 5 மாலை நீங்கள் போனது வெறும் கிரக பலன். மறுநாள், குழந்தை இயேசுவைக் காண வந்த மூன்று அரசர்களின் திருநாள். மேலே பழத் துண்டுகள் பதித்த ரோஸ்கா என்னும் வளைய ரொட்டியை அன்று வீட்டுக்கு வீடு வெட்டுவார்கள். உள்ளே ஒரு சின்னக் குழந்தைப் பொம்மை ஒளிந்திருக்கும். அது யாருடைய துண்டில் வருகிறதோ அவர் பிப்ரவரி 2 அன்று எல்லோருக்கும் தமால், அதாவது சோள மாவை மடலில் பொதிந்து அவித்த பண்டம், போட வேண்டும். அந்த வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் ரோஸ்காவுக்காக வந்தவர்கள், கோன்ச்சா கேட்டவர் அநேகமாக நீங்கள் ஒருவர்தான்.

இனி பெயர்ச்சீட்டு. விலை எழுதாததை நான் பொறுத்துக்கொள்வேன், எதில் என்ன கொழுப்பு சேர்ந்திருக்கிறது என்று எழுதாததை மன்னிக்க முடியவில்லை. மெக்சிக்க ரொட்டிகளில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது பழைய வழக்கம், இன்று பல கடைகள் தாவரக் கொழுப்புக்கு மாறியிருந்தாலும் எந்தக் கடை எதில் எதைப் போடுகிறது என்பது பார்த்தால் தெரியாது. கேட்டாலும் சிக்கல் உண்டு. ‘மாந்தேகா’ என்று கல்லாவில் சொன்னார்கள், என் கைபேசி அகராதி வெண்ணெய் என்றது. அர்ஜென்டினாவில் அது வெண்ணெய்தான். மெக்சிகோவில் அந்தச் சொல்லுக்குப் பன்றிக் கொழுப்பு என்று பொருள். அப்போது என் வீட்டுக்கு வந்திருந்த சைவ உறவினர் ஒருவர், பன்றிக்குட்டி வடிவத்தில் இருந்த வெல்ல ரொட்டியை அதன் உருவத்துக்காகவே தொட மறுத்து, பக்கத்தில் இருந்த போல்வொரோனை, நம் நெய் பிஸ்கட் மாதிரி வாயில் உதிர்கிறது என்று பாராட்டி, நான்கு தின்றார். மறுவாரம் அடுமனைக்காரரையே வெளியே அழைத்துக் கேட்டேன். மாவு படிந்த விரலால் ஒவ்வொன்றாகச் சுட்டிக் காட்டினார்: அவர் கடையில் பன்றிக்குட்டியில் தாவரக் கொழுப்பு, போல்வொரோனில் பன்றிக் கொழுப்பு.

உறவினரிடம் இதை நான் இன்னும் சொல்லவில்லை. அவரும் இந்தத் தளத்தைப் படிக்கிறவர்தான்.