அலுவலகமும் கொலைக்கதையும் – கடிதம்

வணக்கம் ஐயா,

அரசு மருத்துவமனை ஒன்றின் அலுவலகத்தில் உதவியாளராக இருக்கிறேன். வயது 41. துப்பறியும் நாவல் எழுத வேண்டும் என்பது கல்லூரிக் காலத்து ஆசை. வேலை, வீடு, பிள்ளைகள் என்று நாள் ஓடிவிடுகிறது. வேலையை விட்டால்தான் எழுத முடியும்போல. ஆங்கிலத் துப்பறியும் நாவலாசிரியை பி.டி. ஜேம்ஸ் பற்றி ஒருமுறை ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அவரும் தாமதமாகத் தொடங்கியவர்தானே?

– ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

வேலையை விட வேண்டாம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஆமாம், 1962இல் முதல் நாவல் வந்தபோது அவருக்கும் ஏறக்குறைய உங்கள் வயதுதான். 1920இல் ஆக்ஸ்ஃபோர்டில் பிறந்தவர். 16 வயதோடு பள்ளிப்படிப்பு நின்றது. கணவர் கானர் ஒயிட் ராணுவ மருத்துவர்; போரிலிருந்து மனநோயோடு திரும்பினார். அந்த நோய் போரினால் வந்தது என்று அரசு ஏற்கவில்லை, ஓய்வூதியமும் கிடைக்கவில்லை. இரண்டு பெண் குழந்தைகள். சம்பாதித்தே ஆகவேண்டும் என்று 1949இல் லண்டனில் மருத்துவமனை நிர்வாக வேலைக்குப் போனார். அதிகாலையில் எழுந்து, அலுவலகம் கிளம்புமுன் எழுதினார். 1964இல் கணவர் இறந்தார். 1968இல் உள்துறை அமைச்சகத்துக்கு மாறினார். அங்கே காவல், குற்றவியல் சட்டப் பிரிவுகள். 1979 வரை அரசு வேலையில்தான் இருந்தார்.

இத்தனை தடைகளையும் தாண்டி எழுதினார் என்றுதான் பலரும் சொல்வார்கள். எனக்கு வேறு மாதிரி படுகிறது. அந்த அலுவலகங்கள் இல்லையென்றால் அந்த நாவல்களும் இல்லை. இரண்டாவது நாவலான 'எ மைண்ட் டு மர்டர்' ஒரு மனநல மருத்துவமனையில் நடக்கிறது. டாக்டர்களையும் நோயாளிகளையும் விட்டுவிட்டு அங்கிருக்கும் நிர்வாக அதிகாரியைக் கொல்கிறார் ஜேம்ஸ்! உடல் கிடப்பது கீழ்த்தளத்துப் பதிவறையில், சுற்றிலும் இறைந்த கோப்புகள். யாருக்கு யாரைப் பிடிக்காது, எந்தச் சாவி எங்கே தொங்கும் என்பதெல்லாம் அப்படியோர் இடத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தவருக்குத்தான் தெரியும்.

அப்புறம் 'ஷ்ரவுட் ஃபார் எ நைட்டிங்கேல்', 1971. நர்சிங் பள்ளி. இரைப்பைக்குள் குழாய் இறக்கிப் பால் செலுத்துவதைச் செய்து காட்டுகிறார்கள். நோயாளியாகப் படுத்திருப்பவள் ஒரு மாணவி. பாலில் விஷம். அம்மாவுக்குத் துணையாக ஆஸ்பத்திரியில் தங்கியிருந்தபோது இதைப் படித்தேன். பக்கத்துக் கட்டில் பாட்டிக்குக் குழாய் வழியாகக் கஞ்சி இறங்கிக்கொண்டிருந்தது. புத்தகத்தை மூடிவிட்டேன், மறுநாள்தான் திறக்க முடிந்தது. தினமும் கருணையோடு செய்யும் ஒரு காரியத்துக்குள் கொலையை வைத்துவிட்டாரே என்று நெஞ்சு பதறியது.

அவருடைய துப்பறியும் அதிகாரி ஆடம் டால்கிலிஷ் ஒரு கவிஞர். மனைவியையும் குழந்தையையும் பிரசவத்தில் இழந்தவர். இறந்தவரின் அறைக்குள் அவர் நுழையும் பக்கங்களை நிதானமாகப் படியுங்கள். அலமாரி, படுக்கை, பாதி படித்த புத்தகம் எல்லாவற்றையும் மரியாதையோடு பார்ப்பார். பிந்தைய நாவல்களில் வர்ணனை நீண்டுவிடுகிறது என்பது என் குறை. ஆனாலும் அந்த மரியாதை கடைசிவரை குறையவில்லை.

சரி, உங்கள் மருத்துவமனையிலும் பதிவறை இருக்குமே. அதன் சாவி யாரிடம் இருக்கிறது, கடைசியாக யார் பூட்டிவிட்டுப் போவார்? ஊர், பெயரெல்லாம் மாற்றி ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள், படிக்கிறேன்.

அன்புடன்.