பி.காம். படித்தவருக்கு அமெரிக்காவில் தகவல் அமைப்புகள் முதுநிலைப் படிப்பு கிடைக்குமா?

கேள்வி: பி.காம். (கணினிப் பயன்பாடு) முடித்து, கோவையில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் எஸ்.ஏ.பி. மென்பொருளில் பணிபுரிகிறேன். அமெரிக்காவில் கணினித் தகவல் அமைப்புகள் பாடத்தில் எம்.எஸ். படிக்க விரும்புகிறேன். பொறியியல் பட்டம் இல்லாமல், மூன்றாண்டுப் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு விண்ணப்பிக்க முடியுமா?

பதில்: முடியும். கணினி அறிவியலுக்கும் வணிக நிர்வாகத்துக்கும் இடைப்பட்ட படிப்பு இது என்பதால், வணிகவியல் மாணவர்களை ஏற்கும் பல்கலைக்கழகங்கள் பல உள்ளன. போஸ்டன் பல்கலைக்கழகத்தின் மெட்ரோபாலிட்டன் கல்லூரியில் இது 40 கிரெடிட் (பாடங்களின் அளவைக் குறிக்கும் அலகு) கொண்ட படிப்பு. தரவுத்தள வடிவமைப்பு, வணிக வலையமைப்புகள், அமைப்புப் பகுப்பாய்வு ஆகியவை அதன் அடிப்படைப் பாடங்கள். உங்கள் எஸ்.ஏ.பி. அனுபவம் இங்கே உண்மையான பலம். எந்தப் பணியை அந்த மென்பொருளில் எப்படிச் சீர்செய்தீர்கள் என்பதை, ஏன் இந்தப் படிப்பு என்று விளக்கி விண்ணப்பத்துடன் தரும் நோக்க அறிக்கையில் விரிவாக எழுதுங்கள்.

பட்டத்தின் பெயரைவிட நீங்கள் எழுதிய தாள்களே முக்கியம். நிரலாக்கம், தரவுத்தளம், புள்ளியியல் ஆகியவற்றில் முன்பயிற்சி இல்லாதவர்களை முதலில் அடித்தளப் பாடங்கள் படிக்கச் சொல்வார்கள்; பெரும்பாலும் அவை பட்டத்துக்குரிய கிரெடிட்டில் சேராது, ஆனால் கட்டணம் தனியாக உண்டு. ஆகவே உங்கள் மதிப்பெண் பட்டியலில் சி++, தரவுத்தள மேலாண்மை போன்ற தாள்கள் இருந்தால், கல்லூரியிலிருந்து அவற்றின் பாடத்திட்டப் பக்கங்களை முத்திரையுடன் வாங்கி, விலக்கு கிடைக்குமா என்று விண்ணப்பக் கட்டணம் செலுத்தும் முன்பே சேர்க்கை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள்.

மூன்றாண்டுப் பட்டம் பற்றிய உங்கள் கவலை நியாயமானது. சில பல்கலைக்கழகங்கள் அதை நேரடியாக ஏற்கின்றன; சில நான்காண்டுக் கல்வியைக் கேட்கின்றன; வேறு சில, சான்றிதழ் மதிப்பீட்டு நிறுவனத்தின் அறிக்கையைக் கேட்கின்றன. அத்தகைய மதிப்பீட்டில் நீங்கள் பெற்ற வகுப்பும், பட்டம் வழங்கிய நிறுவனத்துக்கு நாக் (உயர்கல்வி நிறுவனங்களை மதிப்பிடும் தேசிய அமைப்பு) அளித்த தரமும் கணக்கில் கொள்ளப்படலாம். பல்கலைக்கழகத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்திலிருந்து உறையிட்டு முத்திரையிட்ட மதிப்பெண் சான்று வரத் தாமதமாகும் என்பதால், இந்த வேலையை முதலில் தொடங்குங்கள்.

ஆங்கிலத் தேர்வில் ஐ.இ.எல்.டி.எஸ். 6.5 என்பது பரவலான எதிர்பார்ப்பு. மதிப்பெண் 2 ஆண்டுகளுக்குச் செல்லும். முதுநிலைச் சேர்க்கைக்கான ஜி.ஆர்.இ. தேர்வு பல இடங்களில் கட்டாயமில்லை. மாணவர் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவம் பெற, முதலாண்டுச் செலவுக்கான பண ஆதாரத்தைக் காட்ட வேண்டும்.

பலரும் கவனிக்காத ஒன்று, படிப்பின் சி.ஐ.பி. குறியீடு; அமெரிக்காவில் பாடப்பிரிவுகளை வகைப்படுத்தும் எண் அது. தற்போதைய விதிப்படி படிப்புக்குப் பின் 12 மாதப் பணிப் பயிற்சி அனுமதி உண்டு. அமெரிக்க அரசின் அறிவியல் தொழில்நுட்பப் (ஸ்டெம்) பட்டியலில் உள்ள படிப்பாக இருந்தால் மட்டுமே மேலும் 24 மாதம் நீட்டிக்க விண்ணப்பிக்கலாம். 11 என்று தொடங்கும் கணினிக் குறியீடுகள் பெரும்பாலும் அப்பட்டியலில் உள்ளன. 52 என்று தொடங்கும் வணிகக் குறியீடுகளில் சிலவே உள்ளன. ஏறத்தாழ ஒரே பெயருள்ள இரண்டு படிப்புகள் இந்த ஒன்றில் வேறுபடக்கூடும். ஐ-20 படிவத்தில் பாடப்பிரிவின் பெயரை ஒட்டியே இந்த எண் அச்சிடப்பட்டிருக்கும். ஆனால் அது கைக்கு வரும்வரை காத்திராமல், விண்ணப்பிக்கும்போதே துறை அலுவலகத்திடம் எழுத்து வடிவில் கேட்டுப் பெறுங்கள்.