ஃபெராரி ரேஸுக்கு விருந்தினராகப் போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

ஸ்போர்ட்ஸ் கார் கம்பெனிகள் தங்கள் வாடிக்கையாளர்களையும் வேண்டியவர்களையும் ரேஸ் நடக்கும் வார இறுதிக்கு விருந்தினராக அழைப்பது வழக்கம். அப்படி வருகிறவர்களைக் கூட்டிப்போய் பேடாக் (அணிகள் வண்டிகளோடு தங்கும் பின்பகுதி), கராஜ் எல்லாம் சுற்றிக்காட்டுவது என் வேலைகளில் ஒன்று. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன். கேட்டவர்களில் பெரும்பாலோர் ஃபெராரியைப் பற்றித்தான் கேட்டார்கள், அதனால் நானும் அதை வைத்தே பேசுகிறேன்.

அண்ணா, ஷோரூமிலிருந்து ஃபினாலி மோண்டியாலிக்கு அழைப்பு வந்திருக்கிறது. இதுவும் எஃப்1 (ஃபார்முலா 1) மாதிரிதானா? யார் ஓட்டுவார்கள்?

எஃப்1 இல்லை தம்பி. ஓட்டுகிறவர்கள் ஃபெராரியின் வாடிக்கையாளர்கள். தொழிலதிபர்கள் இருப்பார்கள், அப்பா காசில் ஓட்டும் இருபது வயதுப் பையன்களும் இருப்பார்கள். ஃபெராரி சேலஞ்ச் என்ற இந்தத் தொடர் 1993இல் 348 காரோடு தொடங்கியது. அப்புறம் 355, 360, 430, 458, 488 என்று வந்து இப்போது 296 சேலஞ்ச் ஓடுகிறது. ரோட்டில் ஓடும் 296 ஹைபிரிட் கார். ரேஸ் காரில் மின்மோட்டாரையும் பேட்டரியையும் எடுத்துவிட்டார்கள், வெறும் வி6 டர்போ எஞ்சின் மட்டும் சுமார் 700 குதிரைத்திறன் தருகிறது. கைதேர்ந்தவர்களுக்கு ட்ரோஃபியோ பிரெல்லி, பொழுதுபோக்காக ஓட்டுகிறவர்களுக்குக் கோப்பா ஷெல் என்று இரண்டு பிரிவுகள் உண்டு.

வெவ்வேறு பகுதிகளில் வருடம் முழுக்க ஓட்டியவர்கள் சீசன் முடிவில் ஒரே இடத்தில் கூடுவதுதான் ஃபினாலி மோண்டியாலி. 2021, 2023இல் முஜெல்லோ, 2022, 2024இல் இமோலா, இரண்டும் இத்தாலியில் உள்ள டிராக்குகள். புதுக் காரை இங்கே அறிமுகப்படுத்துவதும் உண்டு. டேடோனா எஸ்பி3 காரை 2021இல் இங்கேதான் காட்டினார்கள், 499பி ரேஸ் காரை 2022 அக்டோபரில். அடுத்த ஜூனிலேயே அந்த 499பி லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தை ஜெயித்தது. 1965க்குப் பிறகு ஃபெராரிக்கு அங்கே கிடைத்த முதல் ஒட்டுமொத்த வெற்றி அது. அதனால் மாலை நிகழ்ச்சியைத் தவறவிட்டுவிட்டு ஹோட்டலுக்குப் போய்ப் படுத்துவிடாதீர்கள்.

மூன்று நாள் நிகழ்ச்சி நிரல் அனுப்பியிருக்கிறார்கள். எதைக் கட்டாயம் பார்க்க வேண்டும், எதை விடலாம்?

ஒரு சேலஞ்ச் வார இறுதியில் பயிற்சி ஓட்டம் இருக்கும். பிறகு இரண்டு தகுதிச்சுற்றும் இரண்டு ரேஸும். ரேஸ் ஒன்று அரை மணி நேரம்தான். விருந்தினர்கள் எல்லோரும் ரேஸ் நேரத்துக்குச் சரியாக வந்து, மாடியிலிருந்து பார்த்துவிட்டு, சாப்பிட்டுவிட்டுக் கிளம்புகிறார்கள். என்னைக் கேட்டால், பயிற்சி ஓட்டத்தின்போது கராஜில் நில்லுங்கள். யாருக்கும் அவசரம் இருக்காது, மெக்கானிக் உங்களோடு இரண்டு வார்த்தை பேசுவார், ஓட்டுநர் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு எஞ்சினியரிடம் புலம்புவதைப் பக்கத்திலிருந்தே கேட்கலாம். தகுதிச்சுற்றுக்கு வெளியே போய் வேலியோரம் நில்லுங்கள். ரேஸை எங்கிருந்து பார்த்தாலும் சரி.

விடலாம் என்றால் பிராண்டின் வரலாற்றைத் திரையில் ஓட்டிக்காட்டும் அரை மணி நேரத்தை விடலாம். அதை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

கராஜுக்குள் விடுவார்களாமே. எங்கே நிற்பது, எதைத் தொடக் கூடாது?

தரையில் கோடு போட்டிருப்பார்கள், இல்லையென்றால் கயிறு கட்டியிருப்பார்கள். அதற்கு இந்தப் பக்கம் நின்றால் போதும். ஆனால் அந்தக் கோடு எதற்கு என்று யாரும் சொல்லித்தருவதில்லை, நான் சொல்கிறேன்.

கார் உள்ளே வந்து நின்றதும் ஒரு மெக்கானிக் நீளமான காற்றுக்குழாயை எடுத்து காரில் உள்ள பொருத்தில் செருகுவார். உஸ் என்று ஒரு சத்தம். காரின் அடியிலிருந்து நாலு கால்கள் இறங்கி, மொத்தக் காரும் தானாக மேலே எழும்பும். டயர் மாற்றி முடிந்ததும் காற்றை விடுவார்கள், கார் தொப்பென்று கீழே விழும். மெதுவாக எல்லாம் இறங்காது. அந்த நேரத்தில் உங்கள் பாதம் சக்கரத்துக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது. மூடிய ஷூ போடச் சொல்வது அழகுக்காக இல்லை. தரையெல்லாம் காற்றுக்குழாய் கிடக்கும், தடுக்கி விழாமல் நடங்கள்.

ஓடி வந்த காரின் பிரேக், வெளியேற்றுக் குழாய் இரண்டும் கொதித்துக்கொண்டிருக்கும். பின்பக்க இறக்கையில் கை ஊன்றிப் படம் எடுத்துக்கொள்ள ஆசை வரும், வேண்டாம். அதன் சாய்மானத்தைச் சின்னச் சின்ன அளவாகப் பார்த்து வைத்திருப்பார்கள். காரைப் படம் எடுக்கலாம், ஆனால் எஞ்சினியரின் மடிக்கணினித் திரையை எடுக்காதீர்கள். பக்கத்துக் கராஜில் இருப்பது அவர் போட்டியாளர், உங்கள் படம் எங்கே போய்ச் சேரும் என்று அவருக்குத் தெரியாது. உடம்பைத் திறந்து வைத்திருக்கும் காரை எடுக்க வேண்டுமானால் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள், பெரும்பாலும் சரி என்பார்கள்.

கராஜுக்கு முன்னால் கார்கள் வந்து போகும் பாதைதான் பிட் லேன், அதற்குள் நடக்க விடும் நேரம் தனி. சைரன் ஊதினால் பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டுச் சுவரோரம் போய்விட வேண்டும்.

எட்டு வயது மகளைக் கூட்டிப்போகலாமா?

பேடாக் வரை தாராளமாக. பிட் லேனுக்குப் பல இடங்களில் 16 வயது ஆக வேண்டும், கெஞ்சினாலும் விடமாட்டார்கள். பாஸ் வாங்கும் முன்பே வயதைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள். காதுக்குப் பெரிய மஃப் மாதிரி வரும் பாதுகாப்பு உறையை நீங்களே வாங்கி வையுங்கள். அங்கே கொடுக்கும் சின்ன நுரை அடைப்பான் குழந்தையின் காதில் நிற்காது.

பக்கத்து சீட்டில் உட்காரவைத்து டிராக்கைச் சுற்றுவார்களாம். பயமாகவும் இருக்கிறது, ஆசையாகவும் இருக்கிறது. எப்படி இருக்கும் சார்?

வேகம் உங்களைப் பயமுறுத்தாது. நேர்ச்சாலையில் எவ்வளவு வேகம் போனாலும் கண்ணுக்குப் பழகிவிடும். ஆளை உலுக்குவது பிரேக்தான். முஜெல்லோவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நேராகப் போகிறது, முடிவில் சான் டொனாடோ என்ற வலது வளைவு. அந்த வளைவு நெருங்கும்போது நீங்கள் மனதுக்குள் பிரேக் போட்டுவிடுவீர்கள், ஓட்டுநர் போடமாட்டார். உங்கள் கால் இல்லாத பெடலைத் தேடி மிதிக்கும். அதற்கப்புறமும் கொஞ்சம் தூரம் போய்த்தான் அவர் மிதிப்பார். ஹெல்மெட்டோடு தலை முன்னால் போகும், பெல்ட் தோளை அழுத்தும், மூச்சு வெளியே வந்துவிடும். தலையைப் பின்னால் சாய்த்து, சீட்டோடு அழுத்தி வைத்துக்கொண்டால் கழுத்து தப்பிக்கும். ஓட்டுகிறவர் தொழில்முறை ஆள், அவர் எல்லைக்குக் கொஞ்சம் கீழேதான் போகிறார் என்பதும் ஞாபகம் இருக்கட்டும்.

காலையில் வயிறு நிறையச் சாப்பிடாதீர்கள், ஒன்றுமே சாப்பிடாமலும் போகாதீர்கள். முதுகு, கழுத்து, இதயம் இவற்றில் பிரச்சினை இருந்தாலோ, கர்ப்பமாக இருந்தாலோ ஏறாதீர்கள். ஏறும் முன் நீட்டும் தாளில் மறைத்துக் கையெழுத்துப் போட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான். அந்தக் கையெழுத்துத் தாளையும் படித்துப் பாருங்கள், விபத்துக்குக் கம்பெனி பொறுப்பில்லை என்றுதான் பெரும்பாலும் இருக்கும். பயணக் காப்பீடு பல நேரம் ரேஸ் டிராக்கில் நடப்பதற்குச் செல்லாது, அதையும் கிளம்பும் முன்பே கேட்டுவிடுங்கள். போனைக் கையில் பிடித்துப் படம் எடுக்க விடமாட்டார்கள். நல்லதுதான், காருக்குள் பறக்கும் போன் ஓட்டுநரின் காலடியில் போய் விழுந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

எல்லாம் ஒரே மாதிரிக் கார், ஒரே சத்தம். யார் முன்னால், யார் பின்னால் என்றே புரியவில்லை. ரேஸை எப்படிப் பார்ப்பது?

ஒரே மாதிரிக் கார் என்பதுதான் இதில் ருசியே. கார் ஒன்று என்பதால் மிச்சமிருக்கும் வித்தியாசம் எல்லாம் ஓட்டுகிறவருடையது. திரையைப் பார்த்துக்கொண்டு மாடியில் உட்கார்ந்தால் இது தெரியாது. நீளமான நேர்ச்சாலை முடியும் வளைவுக்குப் போய், வேலியோரம் பத்து நிமிடம் நில்லுங்கள். வளைவுக்கு முன்னால் 200, 150, 100 என்று தூரப் பலகைகள் வைத்திருப்பார்கள். ஒவ்வொரு காரும் எந்தப் பலகைக்குப் பக்கத்தில் பிரேக் பிடிக்கிறது என்று மட்டும் கவனியுங்கள். ஐந்தாறு கார்கள் போனதுமே யார் தேர்ந்தவர், யார் தடுமாறுகிறார் என்று உங்களுக்கே பிடிபடும். நல்ல ஓட்டுநர் ஒவ்வொரு சுற்றும் ஒரே இடத்தில் பிடிப்பார். மற்றவருக்கு அந்த இடம் சுற்றுக்குச் சுற்று மாறும். காதையும் தீட்டி வையுங்கள். வளைவிலிருந்து வெளியே வரும்போது எஞ்சின் சத்தம் ஒரே சீராக ஏறினால் அவர் முழு ஆக்ஸிலரேட்டர் கொடுத்துவிட்டார். விட்டுவிட்டு ஏறினால் பின்சக்கரத்தோடு மல்லுக்கட்டுகிறார்.

நேரப் பலகையில் ஊதா வந்தால் அந்தப் பகுதியில் எல்லோரிலும் அவர்தான் வேகம். பச்சை என்றால் அவருடைய சொந்தச் சிறப்பு. கொடிகளில் நாலு போதும்: மஞ்சள் ஆபத்து, முந்தாதே. சிவப்பு நிறுத்து. நீலம் பின்னால் வேகமானவர் வருகிறார். கறுப்பில் ஆரஞ்சு வட்டம் இருந்தால் காரில் ஏதோ கோளாறு, உள்ளே வா.

தொடக்கத்தில் கார்கள் நின்று கிளம்பவில்லையே என்று குழம்பாதீர்கள். சேலஞ்சில் ஓடிக்கொண்டே தொடங்கும் முறை. அதற்கு முந்தைய சுற்றில் கார்கள் பாம்பு மாதிரி வளைந்து வளைந்து வருவது டயரைச் சூடேற்ற. மழமழப்பான ஸ்லிக் டயர் குளிர்ந்திருந்தால் தரையைப் பிடிக்காது. முதல் சுற்றிலேயே இரண்டு கார் மணலில் கிடக்கிறது என்றால் பல நேரம் இதுதான் காரணம்.

பழைய எஃப்1 கார்களும் ஓடுமாமே, நிஜமா?

நிஜம். எஃப்1 கிளையென்டி என்று ஒரு திட்டம். ஒரு காலத்தில் கிராண்ட் பிரீயில் ஓடிய ஃபெராரி கார்களை வாடிக்கையாளர்கள் வாங்கி வைத்திருக்கிறார்கள். அதை ஓட்ட ஆசை வந்தால் ஃபெராரியின் ஆட்களே வந்து கிளப்பித் தருவார்கள். 599எக்ஸ்எக்ஸ், 1,050 குதிரைத்திறன் உள்ள எஃப்எக்ஸ்எக்ஸ் கே போன்ற கார்களும் இப்படித்தான். ரோட்டில் ஓட்ட அனுமதி கிடையாது, எந்தப் பந்தயத்திலும் சேர்க்கவும் மாட்டார்கள். டிராக்கில் ஆசைக்கு ஓட்ட மட்டும்.

எஃப்1 காரைக் கிளப்புவதை ஒருமுறை பார்த்துவிடுங்கள், ஓடுவதைவிட அது நன்றாக இருக்கும். சாவி போட்டுத் திருப்புகிற சங்கதி இல்லை. உள்ளே பாகங்கள் அவ்வளவு நெருக்கமாகப் பொருந்தியிருக்கும். குளிர்ந்த நிலையில் கிளப்பினால் எஞ்சின் கெட்டுவிடும். அதனால் வெளியே ஒரு பெட்டியிலிருந்து சூடான நீரை எஞ்சினுக்குள் ஓடவிடுவார்கள். ஒருவர் மடிக்கணினியில் வெப்பநிலையையே பார்த்துக்கொண்டு நிற்பார், மற்றவர்கள் சும்மா நிற்பார்கள். தலையசைத்ததும் இன்னொருவர் நீளத் தண்டுள்ள ஸ்டார்ட்டரைக் காரின் பின்பக்கத் துளையில் நுழைப்பார். ஒரு முனகல், அப்புறம் வெடி. 2005 வரை ஓடிய மூன்று லிட்டர் வி10 எஞ்சின் நிமிடத்துக்கு 18,000 சுற்றைத் தாண்டும். கராஜுக்குள் அது காதால் கேட்கிற சத்தமாக இருக்காது, நெஞ்சுக்கூட்டில் வந்து அடிக்கும். அடைப்பானை முன்பே போட்டுக்கொள்ளுங்கள், கிளம்பியதும் தேடினால் தாமதம்.

வேறு கம்பெனிச் சின்னம் போட்ட சட்டை போடலாமா? என்ன உடுத்துவது?

யாரும் வெளியே அனுப்பமாட்டார்கள், ஆனால் நாள் முழுக்க கிண்டல் கேட்க வேண்டியிருக்கும். காலர் வைத்த சட்டை, சாதாரண பேன்ட், நடக்கிற ஷூ. கோட்டு சூட்டு வேண்டாம். முஜெல்லோ மலைப்பாங்கான இடம், அக்டோபர் இறுதியில் காலை நேரம் நன்றாகக் குளிரும். ஒரு மழைச்சட்டை இருக்கட்டும்.

இவ்வளவு உபசாரம் எதற்கு? கடைசியில் கார் தலையில் கட்டவா?

ஆமாம். இதில் மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் அங்கேயே ஒப்பந்தத்தை நீட்டுவது அபூர்வம். அவர்களுக்கு வேண்டியது வேறு: சாதாரண கார் வைத்திருப்பவர் டிராக்கில் ஓட்டப் பழக வேண்டும், பழகியவர் சேலஞ்சில் சேர வேண்டும், சேர்ந்தவருக்கு அடுத்த வருடம் புதுக் கார் வேண்டும். குறைந்த எண்ணிக்கையில் செய்யும் கார்களைத் தரும்போது யார் நம்மோடு எத்தனை நாளாக இருக்கிறார் என்று பார்ப்பார்கள், அதனால் சிலர் முகம் காட்டவே வருவார்கள். வாங்கும் எண்ணம் இல்லையென்றால் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். எப்போதும் "யோசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுத் தப்பிப்பவர்களுக்குத்தான் மாதக்கணக்கில் போன் வரும்.

அழைப்பில் எது எது சேரும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். உள்ளே எல்லாம் அவர்கள் செலவு, விமானமும் தங்குமிடமும் பெரும்பாலும் உங்கள் செலவு.

லம்போர்கினி, போர்ஷே அழைத்தால் அதுவும் இப்படித்தானா?

ஏறக்குறைய. லம்போர்கினியின் சூப்பர் ட்ரோஃபியோ 2009இல் தொடங்கியது. அங்கே ரேஸ் 50 நிமிடம், நடுவில் கட்டாயம் பிட்டுக்கு வர வேண்டும், ஒரு காரை இரண்டு பேர் மாற்றி ஓட்டலாம். அதனால் விருந்தினருக்குக் கராஜ் வேடிக்கை அதிகம். போர்ஷே சூப்பர்கப் எஃப்1 வார இறுதியிலேயே நடக்கும், நின்று கிளம்பும் முறை. ஓட்டுபவர்களில் நிறையப் பேர் தொழில்முறை இளைஞர்கள், ரேஸ் என்று பார்த்தால் அதுதான் காரசாரம். ஆனால் அங்கே எஃப்1 கூட்டத்தில் நீங்கள் ஒரு புள்ளி.

அண்ணே, என்னிடம் காரே இல்லை. என்னை யார் அழைப்பார்கள்?

ரேஸ் ஓட்டுகிறவர் ஒருவருக்கு நாலைந்து பாஸ் கிடைக்கும், டயர், எண்ணெய்க் கம்பெனிகளுக்கும் கிடைக்கும். அந்த வட்டத்தில் ஆள் தெரிந்தால் கேட்டுப் பாருங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. தெரியவில்லையா, டிராக்கோரம் நின்று கொடி காட்டும் மார்ஷலாகப் பதிவு செய்யுங்கள். பயிற்சி தருவார்கள். வெயில், மழை, நாள் முழுக்க நிற்க வேண்டும், சம்பளம் எதிர்பார்க்க முடியாது. ஆனால் கொடி பிடித்து நிற்கிற உங்களுக்கும் காருக்கும் நடுவில் இருக்கும் நெருக்கம், தங்கப் பட்டை போட்ட பாஸோடு மாடியில் நிற்கிற எந்த விருந்தினருக்கும் கிடைக்காது.

பாஸைக் கழுத்தில் போட்டுக்கொண்டே இருக்க வேண்டுமா? படத்தில் அசிங்கமாக விழுகிறது.

படத்துக்கு மட்டும் சட்டைக்குள் போட்டுக்கொள்ளுங்கள், கழற்றி எங்கேயும் வைக்காதீர்கள். தொலைத்தால் உங்களை அழைத்தவர் வந்து கையெழுத்துப் போடும்வரை வாசலில்தான் நிற்க வேண்டும், அவர் அப்போது எங்கே இருப்பார் என்று யாருக்கும் தெரியாது.