மாவுக்கட்டு முடிஞ்சாலும் ஷூவை விட்டுடாதீங்க

கேள்வி: டாக்டர் வணக்கம், நாங்க பாலக்கோடு பக்கம். பையனுக்கு 40 நாள் ஆகுது, பொறக்கும்போதே ரெண்டு பாதமும் உள்பக்கமா திரும்பி இருந்துச்சு, தருமபுரி பெரிய ஆஸ்பத்திரியில வாராவாரம் மாவுக்கட்டு மாத்தறாங்க, 3 கட்டு முடிஞ்சிருச்சு. அப்புறமா குதிகால் நரம்பை வெட்டணும்னு சொன்னதுலருந்து எனக்கு தூக்கமே இல்ல. கிரகணத்தப்ப நான் வெளிய வந்ததாலதான் இப்படின்னு மாமியார் சொல்றாங்க, கட்டை பிரிச்சுட்டு எண்ணெய் போட்டு நீவுனா போதுமாம். என்ன பண்றது?

பதில்: முதல்ல ஒண்ணு சொல்லிடறேன்மா, இது உங்க தப்பு இல்ல. கிரகணத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது. இதுக்கு கிளப் ஃபுட்னு பேரு, சுமாரா 1000 குழந்தைக்கு ஒண்ணு இப்படி பொறக்குது, அதுலயும் ஆம்பள பசங்க அதிகம்.

நீவறதுன்னா டாக்டரும் அதைத்தான் செய்யறாரு, கட்டு போடறதுக்கு முன்னாடி பாதத்தை மெதுவா கொஞ்சம் திருப்பி, திருப்புன இடத்துலயே நிக்கட்டும்னு தொடை வரைக்கும் மாவுக்கட்டு போடறாரு. வெறும் எண்ணெய் போட்டு நீவுனா கையை எடுத்ததும் பழையபடி போயிடும். அமெரிக்காவுல அயோவாங்கற ஊர்ப்பக்கம் பொன்செட்டின்னு ஒரு டாக்டர் 1940கள்லயே கண்டுபிடிச்ச முறை இது, பெரும்பாலும் 5, 6 கட்டுல பாதம் நேராயிடும்.

அப்புறம் அது நரம்பு இல்லம்மா, குதிகால் பின்னாடி இருக்கற தசைநார். முக்காவாசி குழந்தைங்களுக்கு தேவைப்படும், மரத்துப்போக மருந்து குடுத்து சின்னதா ஒரு வெட்டு, சில நிமிஷ வேலை. கடைசி கட்டு 3 வாரம் இருக்கும், அதுக்குள்ள அந்த நார் நீளமா வளந்து சேந்துக்கும்.

கட்டு ஈரமாகாம பாத்துக்கோங்க, துணிய நனைச்சு உடம்பை துடைச்சா போதும். தினமும் கால் விரலை லேசா அமுக்கிட்டு கையை எடுங்க, வெளுத்த விரல் உடனே செவக்கணும். விரல் நீலமாச்சுன்னாலோ வீங்குச்சுன்னாலோ, இல்ல விரலே உள்ள போய் மறைஞ்சிருச்சுன்னாலோ அடுத்த வாரம் வரைக்கும் காத்திருக்காம அன்னைக்கே கெளம்பி போயிடுங்க.

நான் பயப்படறது இதுக்கெல்லாம் இல்ல, அப்புறம் வர்ற ஷூவுக்குத்தான். ரெண்டு ஷூவும் ஒரு கம்பியில மாட்டியிருக்கும், முதல் 3 மாசம் குளிக்கற நேரம் போக 23 மணி நேரமும் போடணும், அதுக்கப்புறம் 4 வயசு வரைக்கும் தூங்கும்போது மட்டும். பென்னாகரம் பக்கத்துலருந்து ஒரு குழந்தை வந்துச்சு, கால் அவ்ளோ அழகா நேராயிருந்தது, ராத்திரி அழறான்னு ஷூவை தூக்கி பரண்ல போட்டுட்டாங்க, ரெண்டு வயசுல பாதம் திரும்ப கோணிக்கிட்டு வந்து நின்னான், மறுபடியும் முதல் கட்டுலருந்து ஆரம்பிச்சோம். அந்தம்மா அழுதது இன்னும் என் கண்ணுலயே நிக்குது. முதல் ரெண்டு மூணு ராத்திரி அழத்தான் செய்வான், பழகிடும். ஷூ காசு கவலைன்னா, குழந்தைங்களுக்காக 2013ல வந்த ஆர்பிஎஸ்கேங்கற அரசாங்க திட்டத்துல இந்த குறையும் இருக்கு, ஆஸ்பத்திரியிலயே கேளுங்க.

அடுத்த வாரம் மாமியாரையும் கூட்டிட்டு போங்க. பழைய கட்டை எடுத்ததும் அந்த பாதத்தை அவங்க கையிலயே குடுங்க, முதல் நாள் எப்படி இருந்துச்சுன்னு அவங்களுக்கு தெரியாததா!